ஜுனைதா பள்ளிக்கூடம் போன நாள்

கலேவெல
8-9-1957

அன்புள்ள கிருஷ்ணம்மாவுக்கு,

ஸரீனா எழுதுவது. இறைவன் அருளால் நாங்கள் சுகம். நீங்களும் அழகமுத்துவும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். மாத்தளை ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைக் கட்டிலில் கிடத்திவிட்டு, நாம் இருவரும் தரையில் கிடந்ததை மறக்க முடியுமா?

ஜுனைதாவுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு மாதமாகிறது. ஆனாலும் நான் வெளியே விடுவதில்லை. இந்த வெயிலிலும் கம்பளிச் சட்டை போட்டு, ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன். "நான் எப்ப உம்மா இஸ்கோலுக்குப் போற?" என்று கேட்கிறாள். உலகமெல்லாம் சுற்றி வந்து இவள் தம்பி பலீலைக் கொண்டுபோன காய்ச்சல், இவளை மறுபடியும் தேடி வராதென்று யார் சொல்வது? இந்த வருடம் படிப்பு வேண்டாமென்று முடிவு செய்துவிட்டேன். நீங்களும் மகனை மழையில் விடாதீர்கள்.

ஸரீனா

இரத்தோட்டை
17-9-1957

அன்பு ஸரீனாவுக்கு,

அன்றைக்கு நீங்கள் ஊட்டிய கஞ்சியைக் குடித்துத்தான் என் மகன் கண் திறந்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அழகமுத்து போன வாரம் பள்ளிக்கூடம் போனான். மேட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். "தூக்கிக்கம்மா" என்றான். "ஒக்காந்து எந்திரிச்சு வா, நான் நிக்கிறேன்" என்றேன். தூக்கப் போன கையைக் கட்டிக்கொண்டு நின்ற பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது உட்காராமல் ஏறுகிறான்.

உங்கள் மகளின் நெஞ்சு தெளிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். காய்ச்சல் ஜுனைதாவை விட்டுவிட்டது, ஸரீனா. நீங்கள்தான் விடவில்லை.

கிருஷ்ணம்மா

இரத்தோட்டை
20-10-1957

அன்பு ஸரீனாவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உங்களை நோகடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதியதை மாற்றமாட்டேன். பிள்ளையை வெளியே விடுங்கள்.

கிருஷ்ணம்மா

கலேவெல
4-11-1957

அன்பு கிருஷ்ணம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பிள்ளையைப் பறிகொடுக்காதவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

போன வாரம் ஜுனைதா படுத்தபடியே, "நானும் மௌத்தாகிருவனா உம்மா?" என்றாள்.

"ஏன் மகள் சாவப் பத்திக் கேக்கிற?"

"தம்பிக்கும் இப்பிடித்தானே ஜன்னலச் சாத்தி வெச்சீங்க."

மறுநாள் காலையில் நானே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். வாசலில் என் கையை உதறிவிட்டு ஓடினாள், திரும்பிப் பார்க்கவில்லை. வெறும் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். இத்தனை நாளும் இவளைக் காப்பதிலேயே இருந்துவிட்டேன். அன்றைக்குத்தான் பலீலுக்காக வாய்விட்டு அழுதேன்.

நேற்று முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள். மஞ்சள் பூசிவிட்டு, "போய் விளையாடுங்க மகள்" என்றேன்.

இப்படிக்கு,
ஜுனைதாவுக்கும் பலீலுக்கும் உம்மா,
ஸரீனா