மை ஏறாத பக்கம்

பார்மா, ஒஹாயோ
பிப்ரவரி 9, 2003

அன்பு மகள் மார்சிக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. அப்பாவின் இருமலையும் என் முழங்காலையும் விட்டால் இங்கே குறையொன்றும் இல்லை, அலாஸ்காக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நம் ஏரிக் காவலன் சித்திரக்கதையைப் படமாக்க லாஸ் ஏஞ்சலஸ் கம்பெனி ஒன்று உரிமை கேட்கிறது என்று போன மாதம் குதித்துக்கொண்டு சொன்னேனே, அது இப்போது முள்ளாகக் குத்துகிறது. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அந்தச் சித்திரக்கதையின் மூல ஓவியங்களை எல்லாம் பார்க்க வேண்டும் என்றார்கள், நான்தான் பெட்டிகளில் அடுக்கி அனுப்பினேன். அப்பா பென்சிலில் வரைவார், பேச்சுக் குமிழிகளில் நான் எழுதுவேன், அதற்குப் பிறகுதான் அவர் மை ஏற்றுவார், பதினைந்து வருஷமும் இந்த வரிசை மாறியதில்லை, இதெல்லாம் நீ பார்த்து வளர்ந்ததுதான். நீ பார்க்காதது ஒன்று உண்டு. உன் தம்பி டெடி நம்மை விட்டுப் போன அந்தக் குளிர்காலத்தில் அப்பா ஒரு பக்கம் வரைந்தார். காவலன் ஏரிக்கரைப் பனியில் மண்டியிட்டிருக்கிறான், அவன் மடியில் கூட்டாளிப் பையன் கெண்டைக்குஞ்சு உயிரில்லாமல் கிடக்கிறான். கெண்டைக்குஞ்சுக்கு யார் முகம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதில் ஒரு எழுத்துக்கூட எழுத மாட்டேன் என்று சொல்லி, அதை இழுப்பறையில் போட்டு மூடினேன். அப்பா அடுத்த இதழில் பையனைப் பழையபடி நீந்தவிட்டு, குமிழியைக் காலியாக என் பக்கம் தள்ளினார், டெடி என்ன சொல்வானோ அதை எழுதினேன். அப்படித்தான் இன்னும் பன்னிரண்டு வருஷம் அவன் நம் வீட்டில் பேசிக்கொண்டிருந்தான்.

பெட்டி கட்டிய அவசரத்தில் அந்த இழுப்பறையையும் பார்க்காமல் கவிழ்த்துவிட்டேன். போயும் போயும் அந்தப் பக்கம்தான் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. கம்பெனியிலிருந்து வந்த லெனோர் என்ற பெண், நல்ல பெண்தான், நம் வீட்டில் உட்கார்ந்து இரண்டு தட்டு பியரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டவள், "மிஸஸ் கோவாச், படமே இந்தக் காட்சியிலதான் ஆரம்பிக்குது, பையன் செத்தாத்தானே காவலனுக்கு வெறி வரும்" என்று போனில் சந்தோஷமாகச் சொன்னாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். அப்பா ரிசீவரை வாங்கி, "எங்க பையன் ஒரு தடவை செத்தது போதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். கதையை மாற்றும் உரிமை இல்லாமல் எவனும் வாங்கமாட்டான், பதினைந்தாம் தேதிக்குள் இரண்டு பேரும் கையெழுத்துப் போடாவிட்டால் அவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்வார்கள் என்று வக்கீல் கோபிக்கிறார். காவலனைத் திரையில் பார்க்க உன் அப்பா எத்தனை வருஷம் காத்திருந்தார், இந்த வயதில் இன்னொரு கம்பெனி வந்து கதவைத் தட்டுமா, சொல்.

பக்கத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னேன், வியாழக்கிழமை வந்தது. இன்று சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மேசையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத்து கோணாமலிருக்க அடிக்கோடு போட்டு, அந்தப் பையன் தலைக்கு மேல் ஒரு குமிழி வரைந்து எழுதிவிட்டேன், பதினேழு வருஷம் கழித்து. பள்ளிக்கூட நாளில் எழுப்பப் போனால் டெடி தினமும் சொல்வானே அதுதான், "இன்னும் அஞ்சு நிமிஷம்." எழுதி, அப்பா பக்கம் தள்ளினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார், பிறகு மைப்புட்டியைத் திறந்தார்.

நாளைக்கு இதன் நகலை லெனோருக்கு அனுப்பப்போகிறோம். பையன் கண் விழிப்பான் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் காவலன் நம்மோடு பார்மாவிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

கடவுள் உன்னை ஒரு குறையும் அண்டாமல் காக்கட்டும் கண்ணே. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், அலமாரியில் வைக்காமல் போட்டுக்கொள். அப்பாவுக்குப் போன் செய், படத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதே, அந்தப் பக்கம் முடிந்ததா என்று மட்டும் கேள். நான் இதை எழுதும்போது எதிரில் உட்கார்ந்து பனிக்கு மை ஏற்றிக்கொண்டிருக்கிறார், டெடியின் முகத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்.

என்றும் உன் அம்மா,
டொலோரஸ்