ஒரு பல் தள்ளி

11.8.83, வியாழன்

நாளை அக்காவைப் பிரசவத்துக்குப் பொன்னேரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அதனால் நைனாவின் பழைய அம்பாசிடரில் மெக்கானிக் பாய் இன்று எஞ்சினின் டைமிங் செயினைக் கழற்றி, அதை இறுக்கிப் பிடிக்கும் தேய்ந்த டென்ஷனரை மாற்றினார். நான் டார்ச் பிடித்தேன். செயினைத் திரும்ப மாட்டியபோது அது ஓடும் இரண்டு பல்சக்கரங்களின் குறிப்புள்ளிகளும் நேருக்கு நேர் நிற்கவில்லை. ஒரு பல் தள்ளியிருந்தது. தினமும் வலை பின்னுகிற எனக்கு ஒரு கண்ணி தவறினாலும் தெரியும். நைனாவின் காதில் சொன்னேன்.

"இன்னாப்பா, உம் பொண்ணு என் பொழப்புக்கு ஒல வெக்கிறா!" என்று சிரித்த பாய், குனிந்து பார்த்துவிட்டு மறுபடி கழற்றினார்.

வண்டி சீராக ஓடியது. "எத்தினியாவது படிக்கிறம்மா?" என்று கேட்டார்.

நான் டார்ச்சை அணைத்தேன். "ஒம்போதாவது" என்றார் நைனா.

நான் ஏழோடு நின்றவள். நிற்காமல் இருந்தால் இப்போது ஒன்பதுதான். நைனாவும் எண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறார்.