வலது தொட்டி பார்க்கப்படாதது குறித்து

அனுப்புநர்:
கண்ணாடி துடைக்கும் பணியாளர் (வயது 71),
சிறு விமானக் கொட்டகை, மேற்குக் கதவு.

பெறுநர்:
விபத்து விசாரணை அதிகாரி அவர்கள்,
விமானப் பாதுகாப்பு அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: மருந்து விமானம் விழுந்தது பற்றிய அறிக்கையில் ‘விமானியின் கவனக்குறைவு’ என்ற வரியைத் திருத்தக் கோருதல். நான்காம் மனு.

பெருமதிப்புள்ள ஐயா,

எழுத்துகள் கோணலாகவும் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் எழுதப் படிக்கக் கற்று ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

1. இறந்த விமானி என் மருமகள். எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். கொட்டகையில் எப்போதும் தொங்கும் அச்சுத்தாள், பறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றின் அட்டை ஒன்றுதான். அதை வைத்தே சொல்லிக்கொடுத்தாள். அதனால் நான் முதலில் படித்த சொல் ‘அம்மா’ அல்ல, ‘சக்கரம்’.

2. கடைசி இரண்டு வாரங்கள் அட்டையை என் கையில் கொடுத்துவிட்டாள். “நீங்க படிங்க மாமா, நான் பாக்குறேன். உங்க வேகத்துக்குச் சாயங்காலம்தான் கிளம்புவோம் போல” என்று சிரிப்பாள். நான் விரல் வைத்துப் படிப்பேன். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள்.

3. விபத்து நடந்த அன்று, மூன்று நாள் பெய்த மழை விட்டிருந்தது. இடது எரிபொருள் தொட்டி வரியை முதன்முறையாகத் திக்காமல் ஒரே மூச்சில் படித்தேன். அவள் அடியிலுள்ள சிறு குழாயைத் திறந்து, எரிபொருளைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தாள். தண்ணீர் கலந்திருந்தால் அது குவளையின் அடியில் தங்கும். ஒன்றும் இல்லை. உடனே என் பக்கம் திரும்பி, “அடேங்கப்பா, மாமா பாஸ்!” என்று கைதட்டினாள். மகிழ்ச்சியில் நானும் அட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். திரும்ப வைத்தபோது விரல் ஒரு வரி கீழே விழுந்தது. வலது தொட்டியைப் படிக்காமல் எண்ணெய் அளவைப் படித்தேன்.

4. புறப்பட்ட இரண்டாவது நிமிடம் எஞ்சின் நின்றது. வலது தொட்டியில் தண்ணீர் இருந்ததாகத் தங்கள் அறிக்கை சொல்கிறது. அந்தப் பன்னிரண்டு பக்கங்களையும் நானே நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில்தான் எனக்கு விளங்கியது. குவளையை நாள்தோறும் தொட்டிக்கு ஒன்றாக இரண்டு முறை கழுவிக் கொடுப்பவன் நான். அன்று ஒரு முறைதான் கழுவினேன்.

5. தங்கள் அலுவலக எழுத்தர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகவே பேசினார். “பெரியவரே, யார் படிச்சாலும் பொறுப்பு ஓட்டுறவங்களுக்குத்தான். விதி அப்படி.” விதியை நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் அசட்டையாக இருந்தவள் அல்ல. நான் படித்ததை எல்லாம் செய்தாள். நான் படிக்காததை மட்டும்தான் செய்யவில்லை.

6. என் மகனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் கோபப்படவில்லை. “இப்ப எழுதிப்போட்டா அவ திரும்பி வரப்போறாளாப்பா? விடுங்க” என்றான். கோபப்பட்டிருக்கலாம்.

7. பேத்திக்குப் பத்து வயது. அறிக்கையை அவளும் படித்துவிட்டாள். “அம்மா ஒழுங்கா பாக்கலையா தாத்தா?” என்று கேட்டாள். அம்மா பார்த்தாள், நான்தான் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். “சும்மா எனக்காகச் சொல்றீங்க. அச்சுல இருக்கே” என்றாள். அன்று முதல் தாயின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். அச்சுக்கு எதிராக என் வாய்ச்சொல் நிற்கவில்லை, ஐயா.

8. புதிதாக வந்த விமானி அட்டையை எடுப்பதே இல்லை. “எல்லாம் மனப்பாடம் பெரியவரே” என்று தலையைத் தட்டிக் காட்டுகிறார். விமானி தன் கையில் அட்டையை வைத்துத் தானே படிக்க வேண்டும், இடையில் யாராவது பேசினால் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஆணையிடுமாறும் வேண்டுகிறேன். பாராட்டிப் பேசினாலும்தான்.

9. ஆகவே ஒன்பதாம் பக்கத்தில், ‘அட்டையைப் படித்தவர் வலது தொட்டி வரியை விட்டுவிட்டார், அவர் விமானியின் மாமனார்’ என்று அச்சிட்டுத் தருமாறு மன்றாடுகிறேன். அதற்குரிய தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். மூன்று மனுக்களுக்குப் பதில் இல்லை. இதற்கும் வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

இதை எழுத ஐந்து நாள் ஆயிற்று. ஓர் எழுத்து வட்டமாக, அழகாக வந்துவிட்டால் இப்போதும் மனம் துள்ளுகிறது. அப்படித் துள்ளுவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நிறுத்தத் தெரியவில்லை.

இதைத் தபாலில் போட்டுவிட்டு நாளையே ஐந்தாவதைத் தொடங்கினால்தான் அடுத்த வாரம் தங்களுக்கு வந்து சேரும். தொடங்கிவிடுவேன். அதுவரை பேத்தி கேட்டால், இன்னும் அச்சாகவில்லை என்று சொல்லிவைக்கிறேன்.

இடம்: கொட்டகை
நாள்: ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
அட்டையைப் படித்தவன்