மாதா படம் ஒட்டிய பெட்டி

முருங்கன்,
29.05.2024

மதிப்புக்குரிய சம்பந்தியார் அமிர்தநாயகம் அவர்களுக்கு,

மடு மாதாவின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். அங்கும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். டெலிபோனில் சொன்னது காற்றோடு போய்விடும் என்பதால் நல்ல காரியத்தை எழுத்தில் வைக்கிறேன்.

வருகிற ஞாயிறு காலை என் மகன் றொசாந்தனோடு நாங்கள் பேசாலைக்கு வந்து, உங்கள் மகள் டினோஜாவுக்கு மோதிரம் போட்டுக் காரியத்தை முற்றாக்குகிறோம். மகன் வான் பிடிக்கலாம் என்றான். எங்கள் பரம்பரையில் மாப்பிள்ளை வீட்டார் றெயிலில்தான் போவார்கள். சண்டைக் காலத்தில் தண்டவாளமே இல்லாதபோது மட்டும் ட்ரக்டரில் போனோம்.

இப்போது ஓடுவது பவர்செற். எஞ்சினைத் தனியாகக் கொழுவி இழுக்கிற றெயில் இல்லை, பெட்டியோடு சேர்ந்ததே எஞ்சின். நேற்று ஸ்ரேசனுக்குப் போய் நேரில் பார்த்து வைத்தேன். கண்ணாடியில் மாதா படம் ஒட்டிய முன்பெட்டியில் வருவோம். அங்கே நில்லுங்கள்.

இன்னுமொன்று. மாலை போட்டுக் கூப்பிடாமல் எங்கள் ஆட்கள் பெண் வீட்டார் ஊர் மண்ணில் கால் வைப்பதில்லை. உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

இங்ஙனம்,
உறவை எதிர்பார்த்திருக்கும்
ம. யாகப்பர்


பேசாலை,
03.06.2024

திரு. யாகப்பர் அவர்களுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

உங்கள் எழுத்துப்படி முன்பெட்டி நிற்கிற இடத்தில் பாண்ட்காரரை நிறுத்தினேன். மனைவி மார்த்தா பன்னீரோடு நின்றாள். கதவில் ஒரு கால் தெரிந்ததும் பாண்ட் தொடங்கியது. மார்த்தா தெளித்த பன்னீர் பாதி என் மூக்குக்கண்ணாடியில். மங்கலாகத் தெரிந்த கழுத்தில் நான் மாலையைப் போட்டேன்.

போட்டது சிலாவத்துறை ஜமால்தீனுக்கு. கருவாடு வாங்க, பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டியோடு வந்த மனிதர். நல்ல குணம். படம் எடுத்து முடியுமட்டும் அசையாமல் நின்றுவிட்டு, “இண்டைக்குக் கருவாட்டு ஏவாரிகளுக்கு ஏதும் விசேசமோ?” என்று கேட்டார்.

அதற்குள் றெயில் தலைமன்னார்ப் பக்கம் போய்விட்டது. கடைசிப் பெட்டிக் கதவில் நீங்கள் சுரூபம் மாதிரி நின்றதை ஊரே பார்த்தது.

சரி, கடைசி ஸ்ரேசனான இறங்குதுறை வரை போய்த் திரும்பி வரும்போது பிடிக்கலாம் என்று, பின்னேரம் பாண்டையும் புது மாலையையும் கடைசிப் பெட்டி நிற்கிற இடத்துக்கு மாற்றினேன். நீங்கள் முன்பெட்டியில் வந்து, முன்பெட்டியிலேயே போனீர்கள். காலையில் வால், பின்னேரம் தலை. வேண்டுமென்றே இடம் மாறி இருந்து எங்களைப் பகிடி பண்ணியிருக்கிறீர்கள். மார்த்தா காய்ச்சிய நண்டுக் கறி முழுவதும் பாண்ட்காரர் வயிற்றில்.

இந்தச் சம்பந்தம் வேண்டாம். டெலிபோனும் எடுக்கவேண்டாம், எடுத்தால் கெட்ட வார்த்தை வந்துவிடும். இக்கடிதத்தை ஜமால்தீன் கொண்டுவருவார். அவர் முருங்கனில் ஏறி இறங்குகிற ஆள். நமக்குள் மரியாதை தெரிந்தவரும் இப்போது அவர் ஒருவர்தான்.

சூ. அமிர்தநாயகம்


முருங்கன்,
06.06.2024

திரு. அமிர்தநாயகம் அவர்களுக்கு,

நாங்கள் இடம் மாறவில்லை. ஏறிய பெட்டியில், இருந்த சீற்றில் அப்படியே இருந்தோம். நான் ஸ்ரேசனில் பார்த்து வைத்தது எதிர்ப்பக்கமாக மதவாச்சிக்குப் போகிற றெயிலை. அதில் மாதா படம் முன்னுக்கு இருந்தது. ஞாயிறு உங்கள் பக்கம் வரும்போது அதே படம் வாலில் வந்தது. நான் என்ன செய்ய? மாதாவை நம்பி ஏறினேன்.

பேசாலையில் பாண்ட் தூரத்தில் கேட்டது. என் தங்கச்சி லூர்தம்மா இறங்குவோம் என்றாள். நான் விடவில்லை. கூப்பிடவில்லையே.

இறங்குதுறையில் ட்ரைவர் தன் அறையைப் பூட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். றெயிலை எப்போது திருப்புவீர்கள் என்று கேட்டேன். “பவர்செற் திரும்பாது ஐயா. அதுக்கு ரெண்டு பக்கமும் முகம். நான்தான் நடந்து மற்றப் பக்கம் போறது” என்றார். அப்போதுதான் விசயம் விளங்கியது. உங்களுக்குக் கொண்டுவந்த கேக்கை அங்கேயே வெட்டினோம். பாதி எங்களுக்கு, பாதி காகத்துக்கு.

பின்னேரம் நீங்கள் வால்பக்கத்திலிருந்து மாலையோடு ஓடி வந்ததைக் கண்டேன். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. எடுக்காமல் ஓடி வந்தீர்கள். றெயில் எடுத்துவிட்டது. இருபது வருசம் கடலில் நின்ற மனிதர் வெறுங்காலோடு ஓடியது நாலு நாளாக என் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

ஆனாலும் வேண்டாம் என்று எழுதியவர் நீங்கள். வேண்டாமென்றால் வேண்டாம். றொசாந்தன் என்னோடு பேசுவதில்லை. சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போகிறான்.

யாகப்பர்


பேசாலை,
10.06.2024

அன்புள்ள யாகப்பர் அண்ணருக்கு,

செருப்பு கிடைத்துவிட்டது. விசாரித்ததற்கு நன்றி. நீங்கள் விசாரிக்கவில்லை என்று மார்த்தா சொல்கிறாள். எனக்கு விசாரித்த மாதிரித்தான் படுகிறது.

றொசாந்தன் காலையிலேயே, ‘கடைசிப் பெட்டியில் நிற்கிறோம்’ என்று டினோஜாவுக்கு மெசேச் போட்டிருக்கிறான். அவள் கத்தியது பாண்ட் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பின்னேரம் ‘அதே பெட்டிதான்’ என்று போட்டான். அதைக் கேட்டுத்தான் நான் வாலுக்குப் போனேன். பெட்டி அதேதான், வால்தான் தலையாகிவிட்டது.

எவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். காலையில் றெயில் உங்களை இறக்காமல் போனபோது எனக்குள் ஒரு சந்தோசம் வந்தது. ஒரே பிள்ளை. இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருப்பாள் என்று நினைத்துவிட்டேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். பின்னேரம் ஓடினேனே, அது அந்த வெட்கத்தில் ஓடிய ஓட்டம்.

அவள் அழவில்லை. சேலையை மடித்து அலுமாரியில் வைத்தாள். அன்றிலிருந்து கறியில் உப்பில்லை. கேட்டால், “உப்பு மற்றப் பெட்டியில போயிட்டுது அப்பா” என்கிறாள்.

கோயிலில் கலியாண அறிவித்தலை வாசிக்கவா விடவா என்று பாதர் கேட்கிறார். வருகிற ஞாயிறுக்குள் சொல்லவேண்டும். நீங்கள் அன்று காலை நடுப்பெட்டியில் வாருங்கள். எந்தப் பக்கம் ஓடினாலும் நடு நடுதான். மாலையோடு அங்கே நிற்பேன்.

உங்கள் பதிலுக்காக உப்பில்லாமல் காத்திருக்கும்
அமிர்தநாயகம்


முருங்கன்,
13.06.2024

அன்புள்ள சம்பந்திக்கு,

நடுப்பெட்டி வேண்டாம். ஞாயிறென்றால் சனம் எக்கச்சக்கம், கிடைக்கிற இடத்தில் ஏறுவோம். றெயில் நின்றதும் நானே இறங்கி நீங்கள் நிற்கிற இடத்துக்கு நடந்து வருவேன். மாலையும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். இதைக் கேட்டு லூர்தம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்த ட்ரைவர் நாளாந்தம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கிறார். அவருக்கு மரியாதை ஒன்றும் குறையவில்லை. நீங்கள் ஓடவேண்டாம். செருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டினோஜாவை நினைத்துக் கலங்கவேண்டாம். அவளை எங்களிடம் ஏற்றிவருகிற றெயிலே உங்களிடமும் ஏற்றிவரும். அது திரும்பக்கூடத் தேவையில்லாத றெயில். வீட்டு நினைவு வந்த அன்றைக்கே ஏற்றிவிடுவேன், இது என் பொறுப்பு. பாதரிடம் வாசிக்கச் சொல்லுங்கள்.

ஜமால்தீனும் வருகிறாராம். அவரை முன்பெட்டியில் ஏற்றிவிடப் போகிறேன். பாண்ட்காரர் பழக்கத்தில் அங்கேதான் நிற்பார்கள், அவர்கள் தொடங்குவதற்கு ஒருவர் இறங்கத்தானே வேண்டும்.

நடந்து வந்துகொண்டிருக்கும்
உங்கள் சம்பந்தி
யாகப்பர்