கிரேஸ் அக்கா கல்லுக்கு நாலு வரி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. எதிர்த் தோட்டத்து மாமரம் முழுக்கப் பூ. துணி காயவில்லை. பால் கணக்கு, கேஸ் கணக்கு எழுதியாயிற்று.

இனி விஷயம். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. கிரேஸ் அக்கா (இனி கி.அ.) ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். எங்கள் சபையில் ஒரு வீடு விடாமல் ஊசி போட்ட நர்ஸம்மா. இப்போது படுக்கை. வயிற்றில் கட்டி. இனி வைத்தியம் இல்லை என்று சொல்லியாயிற்று. ஞாயிறு பள்ளி விழாவுக்கு நான் எழுதும் பாட்டுகளை அவர் கவனித்திருக்கிறார்!

"என் கல்லறைக் கல்லுக்கு நாலு வரி எழுதித் தாடி. நான் இருக்கும்போதே கேக்கணும். செத்தப்புறம் எழுதினா எனக்கு இன்னா புண்ணியம்?"

அவரே தொடர்ந்தார். "என் வூட்டுக்காரர் கல்லுல இருக்கிற பாட்டுதான் அந்த வரிசைல எல்லா கல்லுலயும் இருக்குது. கல் கடைக்காரன் அது ஒண்ணுதான் வெச்சிக்கினு இருக்கான். சாவு எல்லாருக்கும் ஒண்ணுதான், பாட்டுமா ஒண்ணு?"

நான்! தெலுங்குப் பள்ளியில் எட்டாவதோடு நின்றவள். தமிழ் எழுத்து காலண்டர் தாள் பார்த்துப் பழகியது. என் வரி கல்லில்!

அக்கா மகன் ஜெயகருக்குப் பிடிக்கவில்லை. வாசலில் முணுமுணுத்தான். மருமகள் சுனிதா, தெலுங்குப் பெண், காபி கொடுத்தாள். முகம் பார்க்கவில்லை.

பிப்ரவரி 4, புதன்

இவர் வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே நானும் திருப்பதிக்கு. நூலகத்தில் தமிழுக்கு ஒரே ஒரு அலமாரி. மேல் தட்டில் புழுதி. பழைய பாட்டு, புதுக்கவிதை, கைக்கு வந்ததெல்லாம் புரட்டினேன். மதியச் சாப்பாடு மறந்தே போயிற்று. சாவுக்குக் கவிஞர்கள் போட்ட வேஷம் எத்தனை!

— எருமை மேல், கையில் கயிறு. இதுதான் அதிகம். (எங்கள் கல்லறையில் ஆகாது.)
— திருடன்.
— வேடன், வலையோடு.
— கதிர் முற்றியதும் அறுக்க வருகிறவன். அழகு.
— தாய். தூங்க வைக்கிறாள்.
— மாப்பிள்ளை! பெண் கேட்டு வருகிறானாம். சிலிர்த்துவிட்டது.

ஒன்று புரிந்தது. பயந்தவர் அவன் கையில் ஆயுதம் கொடுக்கிறார். களைத்தவர் அவனுக்கு மடி கொடுக்கிறார். அவனுக்கென்று முகமே இல்லை. எழுதுகிறவர் தருகிற முகத்தை மாட்டிக்கொண்டு வருகிறான். இதை எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை, நானாக நினைத்தது. ஆண்டவரே, கர்வமென்றால் மன்னியும்.

திரும்பும் பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பையன்கள், கழுத்தில் கம்பெனி அட்டை. "எமன் எருமைல வர்றதில்ல மச்சி. கம்பெனி பஸ்ல முன் சீட்ல சூப்பர்வைசரா வர்றான்." டிக்கெட் பின்னால் குறித்துக்கொண்டேன். கவிஞர்கள் எங்கெல்லாம் இருக்கிறார்கள்!

பிப்ரவரி 5, வியாழன்

வெயில் வந்துவிட்டது. வேலை முடித்து ஓடினேன். முதலில் மாப்பிள்ளை வரிகளைப் படித்தேன். ராத்திரி ரசித்து ரசித்து எழுதியது.

கி.அ. சிரித்து இருமினார். "ஒரு கல்யாணமே போதும்டி. மேல போயும் ஒருத்தனுக்கு சோறாக்கணுமா?"

திருடன் வரிகள்.

"திருடனா? இங்க இன்னா இருக்குது திருட? முப்பது கிலோ தேறுவனா நானு?"

அறுவடை.

"நான் இன்னா நெல்லா? வேற எதுனா இருக்குதா?"

இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்தார். நர்ஸ் பழக்கம், விரல் தானாக நாடியில் போய் நின்றது.

"கேளுடி. வார்டுல நான் அவனப் பாத்துக்கினே இருந்தவ. பார்வை நேரம் முடிஞ்சப்புறம் வந்த சொந்தக்காரன் மாதிரி, பையப் புடிச்சிக்கினு ஓரமா நிப்பான். வான்னு சொல்லவும் மனசு வராது, போன்னு சொல்லவும் முடியாது."

சொந்தக்காரன்! விருந்தாளி! பொறி தட்டியது. விட்டால் பறந்துவிடும். எழுந்தேன், செருப்பு மாட்டினேன், ஓட்டமும் நடையுமாக வீடு. வழியெல்லாம் வாயில் வார்த்தை.

சாயங்காலம் ஜெயகரிடமிருந்து போன்.

"ஆண்ட்டி, இனிமே வூட்டுக்கு வராதீங்க."

"இன்னாப்பா ஆச்சு?"

"போய்ட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லாம எழுந்து போனீங்களே. எழவு வூட்லருந்துதான் அப்படிப் போவாங்க. சுனிதா அழுதுக்கினு இருக்கா. அவங்க தெலுங்குலயும் 'வெள்ளொஸ்தா' சொல்லாம சாவு வூட்லருந்துதான் கிளம்புவாங்களாம். எங்கம்மாவ அடக்கம் பண்ணிட்டுப் போன மாதிரி போனீங்க."

செய்தேனா? செய்தேன். வரி நினைப்பில் செய்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. காலைப் பலகாரம் ஏனோதானோ.

இவர்: "இன்னாமே, சாவப் பத்தி எழுதப் போயி சட்னில உப்பே காணோம்."

நடந்ததைச் சொன்னேன். கேலி நின்றது. "தப்புதான். பையன் பயந்துட்டான், வுடு" என்றார். பையை மாட்டி, வாசலில் நின்று, "சரி, வரேன்."

கொஞ்ச நேரத்தில் கேஸ் போடுகிறவர்: "வரேம்மா." பிறகு கடுகு கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மா: "வரேங்க."

அப்படியே நின்றுவிட்டேன். வாசலுக்கு வருகிற ஒவ்வொருத்தரும் வருகிறேன் என்று சொல்லித்தானே போகிறார்கள்! சொல்லாமல் போகிறவன் ஒருத்தன்தான். ஏன் சொல்வதில்லை? அவனுக்கு மறுபடி வருகிற வேலையே இல்லை. ஒரே ஒரு தடவைதான் வருவான். அதற்குப் பிறகு அந்த வாசலில் அவனுக்கு என்ன பாத்தியதை?

கடுகு டப்பாவை மூடக்கூட இல்லை. எழுதினேன்:

வந்தவர் எல்லாம் வருகிறேன் என்று போனார்.
வந்தவன் ஒருவன் சொல்லாமல் போனான்.
இன்னொரு முறை அவன் வரப்போவதில்லை.
என் வாசற்கதவை இனித் திறந்தே வையுங்கள்.

அடித்தல் திருத்தல் இல்லை. முட்டி போட்டு நன்றி சொன்னேன். என் தப்பிலிருந்தே கொடுத்தாரே!

ஆனால் யாரிடம் படிப்பது? ஜெயகர் போன் எடுக்கவில்லை. மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

பிப்ரவரி 7, சனி

போய்விட்டேன். கேட்டுக்கு வெளியே நின்றேன். சுனிதா பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஜெயகர் வந்தான். கேட்டைத் திறக்கவில்லை.

"உள்ள வரமாட்டேன்பா. மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்."

உள்ளேயிருந்து குரல்: "யாருடா? பாட்டுக்காரியா? உள்ள வுடு. பாட்டு கேக்காம நான் எங்கயும் போமாட்டேன்."

"அதனாலதான் ஆண்ட்டி வேணான்றேன்" என்றான் என்னிடம், மெதுவாக. "நாலு நாளா இதையேதான் சொல்லிக்கினு இருக்காங்க. கேட்டுட்டாங்கன்னா போயிடுவாங்க."

கையில் தாள். என் வரி என்று குதித்தேனே. அவனுக்கு அது அம்மாவின் உயிர். வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றே நினைத்தேன்.

அக்கா காதில் விழுந்துவிட்டது. நர்ஸ் காது. "டேய், கேட்டாலும் போவேன், கேக்காட்டியும் போவேன். கேட்டுட்டுப் போறனே."

ஜெயகர் கேட்டைத் திறந்தான்.

படித்தேன். முடித்ததும் கி.அ. கண்ணை மூடியபடி, "மூணாவது வரி இன்னொரு தரம்." படித்தேன். "ம். அவனேதான். பையப் புடிச்சிக்கினு நின்னானே, அவனேதான்." பிறகு, "கதவத் தொறந்து வெச்சா கொசு வருமேடி."

சுனிதாதான் முதலில் சிரித்தாள். ஜெயகர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிப்பில்லை.

பேசிக்கொண்டே இருந்தவர் தூங்கிப்போனார். எனக்கு இரண்டு மணி பஸ், தம்பி வீட்டு ஜெபக்கூட்டம். எழுந்தேன். சொல்லாமல் எப்படிப் போவது? உட்கார்ந்தேன். சுனிதா புரிந்துகொண்டாள். "கூர்ச்சோண்டி ஆண்ட்டி" என்று தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் போயிற்று. போர்வை மேலே ஏறுகிறதா, இறங்குகிறதா என்று மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

கண் திறந்தது. என்னை உற்றுப் பார்த்தார்.

"நீதானா! இன்னும் போவலியா? ஓரமா யாரோ உக்காந்துக்கினு இருக்காங்களே, அவன் வந்துட்டானோன்னு பாத்தேன்."

"போய்ட்டு வரேங்கா!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

"வா. வரும்போது வடு மாங்கா போட்டு எடுத்துக்கினு வா. போன வருஷம் உப்பு கம்மி."

"மரம் இப்பதான்மா பூத்திருக்குது" என்றான் ஜெயகர்.

"அதுக்குத்தான்டா இப்பவே சொல்றேன்."

வாங்க: கல் உப்பு (கூட), கடுகு, காய்ந்த மிளகாய், விளக்கெண்ணெய். ஜாடி கழுவிக் கவிழ்த்தாயிற்று.