பச்சையம்மா கை வைக்காத கடலை

திருவொற்றியூர்
பங்குனி 9

அன்பு மகள் மதிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறீர்களா? நானும் அப்பாவும் இங்கே சுகம்தான், அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் குறையவில்லை, கிடங்குப் படியை ஏறும்போது முனகிக்கொண்டே ஏறுகிறார். ஆக்லாந்தில் குளிர் தொடங்கப் போகிறது என்று சொன்னாயே, இங்கே பங்குனியிலேயே தார் உருகுகிறது. தினமும் போனில் பேசுகிறோம், பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் இதைச் சொல்ல வந்தால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் பாதியை விழுங்கிவிடுவேன். எனக்கே வெட்கமான ஒரு காரியம் இதில் இருக்கிறது, அதை விழுங்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

வியாபாரம் எப்படி என்று கேட்டிருந்தாய். இந்த வருஷம் எதையும் கணிக்க முடியவில்லை. பர்மா உளுந்து கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது, அதனால் தஞ்சாவூர்ப் பக்கத்து உளுந்து அறுவடை ஆகியும் விலை எழும்பவில்லை, அந்த விவசாயிகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. கேழ்வரகுக்கு மட்டும் நல்ல காலம், சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லோரும் கூழுக்கு மாறிவிட்டார்கள் போலிருக்கிறது, வந்த மூட்டை நிற்பதில்லை. எள் வைகாசிக்கு முன்னால் வராது. வேர்க்கடலையில்தான் இந்தத் தடவை அடி. மாசி மாதம் திருவண்ணாமலைப் பக்கம் கடலையைப் பிடுங்கிக் களத்தில் காயப் போட்டிருந்த நேரத்தில் மூன்று நாள் மழை விடாமல் அடித்துவிட்டது. காய்ந்த சரக்கு கொஞ்சம்தான் கைக்கு வந்தது, விலை காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று ஏறியது. அந்த அவசரத்தில்தான் அப்பா ஒரு லாரி வேர்க்கடலைப் பருப்பு வாங்கினார், நூற்றுப் பத்து மூட்டை. மீஞ்சூரில் கடலை மிட்டாய் போடும் செங்குட்டுவனுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பள்ளிக்கூட வாசல் கடைகளுக்கெல்லாம் மிட்டாய் போடுகிறவர், தினமும் இரண்டு தடவை போன் செய்து எப்போது வரும் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நீ போன பிறகு நம் கிடங்கில் சேர்ந்தவர் பச்சையம்மா, அதனால் உனக்குத் தெரியாது. வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கிறார், என் வயதுதான் இருக்கும். ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து புடைத்து, பொறுக்கி, கல் எடுத்துக் கொடுப்பார், அவருக்கும் அந்த ஐந்து பேருக்கும் அன்றன்றைக்குக் கூலி. மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்துக் காற்று அடித்தால் நமக்கு அடுப்பில் கொதிக்கிற குழம்பின் வாசனையே தெரியாது, அந்த அம்மாள் அந்தக் காற்றிலும் மூட்டை வாயில் முகத்தை வைத்து இது போன வருஷத்துச் சரக்கு, இது எலி போன சரக்கு என்று சொல்லிவிடுவார். லாரி வந்த அன்று அப்பா நாலைந்து மூட்டையில் மேலாகக் கையை விட்டுப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் இறக்கச் சொல்லிவிட்டார். பச்சையம்மா மூன்றாவது மூட்டையை அவிழ்த்தவர் அப்படியே நின்றார். ஒரு பருப்பை எடுத்து இரண்டாகப் பிளந்து என் முன்னால் நீட்டி, "யக்கா, இத்த பாரு. மேல பளபளன்னு கீது, உள்ள பூசணம் பூத்துகினு கீது" என்றார். நடுவில் பச்சையும் மஞ்சளுமாகப் பொடி பூத்திருந்தது.

அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பத்துல ஒண்ணு அப்படித்தான் இருக்கும். நல்லதோட கலந்து விடு. வறுத்துப் பாகுல போட்டா எவனுக்குத் தெரியப் போவுது" என்றார். பச்சையம்மா குரலை உயர்த்தவே இல்லை. "தெரியாதுன்றதாலதான் சொல்றேன் நைனா. புள்ளைங்க துன்ற பொருளு. நான் கை வெக்க மாட்டேன்" என்றார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது, என்னைப் பார்த்தார். இதுதான் மதி, நான் சொல்ல வந்தது. கடலையில் பிடிக்கிற அந்தப் பூஞ்சை விஷம், வறுத்தாலும் போகாது, ஈரலைக் கெடுக்கும் என்று காலேஜில் படிக்கும்போது நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். அது அந்த நிமிஷம் எனக்கு நன்றாக நினைவில் இருந்தது. இருந்தும் நான், "வேலை செய்ய இஷ்டம் இருந்தா செய், இல்லன்னா நடையைக் கட்டு" என்று சொன்னேன். அப்பா சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, நான் சொன்னேன். பச்சையம்மா கையைக் கழுவினார், முறத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தார், வெளியே போய்விட்டார். அவர் கூப்பிடவில்லை, ஆனாலும் ஐந்து பெண்களும் எழுந்து பின்னால் போனார்கள். அதில் இரண்டு பேர் வீட்டில் ஆண்களுக்கு அப்போது வேலை இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை அப்பா வேறு ஆள் தேடி வெளியே போயிருந்தார். நான் தனியாகக் கிடங்கைத் திறந்து உட்கார்ந்து மூட்டை மூட்டையாக அவிழ்த்துப் பருப்பைப் பிளந்து பார்த்தேன். பச்சையம்மா அவிழ்த்ததைத் தள்ளி வைத்துவிட்டு எடுத்த முதல் ஆறு மூட்டை சுத்தமாக இருந்தது, பயந்தது வீண் என்று மனசு கொஞ்சம் லேசானது. ஏழாவதில் எடுத்ததெல்லாம் உள்ளே பூசணம். மூட்டையை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, முகர்ந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முப்பது வருஷமாக இந்த வியாபாரத்தில் இருக்கிறேன். அப்போதுதான் எழுந்து ஆட்டோ பிடித்து வியாசர்பாடி போனேன்.

மூன்றாவது மாடி. பச்சையம்மா துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, வந்து பிரித்துக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, "வர்றேன். ஆனா கெட்டுப்போன மூட்டைய லாரிக்காரனாண்ட திருப்பி அனுப்பக் கூடாது. அவன் வேற எவனுக்காவது தள்ளிடுவான், அங்கயும் புள்ளைங்கதான துன்னும். அத்த அயிச்சிடணும். இன்னா சொல்ற?" என்று கேட்டார். அப்பாவைக் கேட்காமலே, சரி, அழித்துவிடலாம் என்றேன். சரக்கைத் திருப்பி அனுப்பலாம் என்றுதான் நான் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். நம் கிடங்கைக் காப்பாற்றினால் போதும் என்பது என் யோசனை, அந்த அம்மாளுக்கு யார் வீட்டுப் பிள்ளையும் பிள்ளைதான். இப்படி யோசிக்கிற ஒரு மனுஷிக்குக் கூலி கொடுக்கிறேன் என்ற பெயரில் நான் முதலாளியாக உட்கார்ந்திருக்கிறேனே என்று அந்த நாற்காலியில் எனக்கு உடம்பு கூசியது.

மூன்று நாள் வேலை. ஒவ்வொரு மூட்டையிலும் சாம்பிள் குழாயை மேலே, நடுவே, அடியே என்று குத்தி எடுத்தார்கள். எது கெட்டது என்பதோடு ஏன் கெட்டது என்பதையும் பச்சையம்மாதான் கண்டுபிடித்தார், லாரியில் அடி வரிசையில் இருந்த மூட்டைகளில்தான் பூசணம், பலகை இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் ஏறியிருக்கிறது. மொத்தம் முப்பத்தெட்டு. முதல் நாள் அப்பா வாசலில் நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் நாள் மதியம் உள்ளே வந்தார், பச்சையம்மா கோடு போட்டு வைத்திருந்த மூட்டைகளைப் பார்த்தார், ஒரு மூட்டையைப் பிடித்து அந்த முட்டியோடு இழுத்து வெளியே கொண்டு போனார். தடுக்கப் போன என்னைப் பச்சையம்மா கண்ணாலேயே நிறுத்திவிட்டார். எல்லாவற்றிலும் பினாயிலை ஊற்றிக் கிளறி, யாரும் அள்ள முடியாதபடி செய்து, தனி வண்டி பிடித்து அனுப்பினோம். நஷ்டத்தை உனக்கு எண்ணிக் காட்டப் போவதில்லை, நீ பணம் அனுப்புகிறேன் என்று கிளம்பாதே. ஒரு வருஷம் கையை இறுக்கிச் செலவு செய்தால் தீர்ந்துவிடும்.

செங்குட்டுவனுக்கு அப்பாவே போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னார், கலக்கப் பார்த்ததையும் சேர்த்துத்தான். கோபத்தில் ஆர்டரையே ரத்து செய்துவிடுவார் என்று நினைத்தோம். மறுநாள் வண்டியில் வந்து இறங்கியவர் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, நேரே மூட்டைகளிடம் போய் ஒரு கைப்பிடி பருப்பை ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்தார். பிறகு பச்சையம்மாவைக் காட்டி, "இனிமே இந்தம்மா பாத்த சரக்குதான் எனக்கு வேணும். அவங்க சரின்னா நான் மூட்டையத் தொறந்துகூடப் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுபத்திரண்டு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போனார். அப்பாவும் இப்போது மாறிவிட்டார், பச்சையம்மா பார்க்காமல் எந்த லாரியிலிருந்தும் ஒரு மூட்டைகூட இறங்கக் கூடாது என்று லோடுமேன்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். பச்சையம்மாவுக்கு மாதச் சம்பளமாகவே போட்டுவிட்டோம். வேலை நிறுத்தி நின்ற நாளுக்கு ஆறு பேருக்கும் கூலி கொடுத்தேன், "நாங்க அன்னிக்கு ஒண்ணும் செய்லியே" என்று பச்சையம்மா வாங்க மறுத்தார், அன்றைக்குச் செய்ததுதான் பெரிய வேலை என்று சொல்லிக் கையில் திணித்தேன்.

இத்தனைக்குப் பிறகும் சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை என்பது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இன்று காலை அவர் வந்து கொண்டை போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, அன்றைக்கு உங்களை அப்படிப் பேசியது தப்பு, எனக்குத் தெரிந்தே பேசினேன், மன்னிச்சிடுங்க என்று சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே, "நீ மூணு மாடி ஏறி வந்தப்பவே அது முட்ஞ்சி போச்சிக்கா. இன்னா, இன்னிக்கு உளுந்தா?" என்று கேட்டுவிட்டு முறத்தை எடுத்தார்.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக வாழ முத்தாரம்மனை வேண்டிக்கொள்கிறேன். பல் வலி என்றாயே, தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளையிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
இ. ராமசெல்வி