பிஸ்கட் டப்பாவில் உன் பாட்டு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம்தான், மூட்டுவலி மட்டும் என்னோடு நிரந்தரமாகக் குடித்தனம் நடத்துகிறது. போன மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு செய்தி, சிரிக்காதே. போதகர் என்னை வாலிபர் வகுப்புக்கு ஆசிரியையாகப் போட்டிருக்கிறார். வேறு யாரும் தலையைக் கொடுக்கவில்லை. பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலையை முடித்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் நேராக ஆலயத்தின் பக்க அறைக்குப் போகிறேன். மொத்தம் எட்டுப் பேர். முதல் இரண்டு வாரம் நான் வசனம் சொல்ல, அவர்கள் கொட்டாவி விட்டார்கள். மூன்றாவது வாரம், எப்போதும் காதில் ஹெட்போனோடு வரும் ஒரு பெண், "ஆன்ட்டி, நாங்க கேக்குற பாட்டை வெச்சுப் பேசலாமே" என்றாள். உன் அம்மா சரி என்றாள். நம்புவாயா?

முறை இதுதான். தனியாக இருக்கும்போது கேட்கும் பாட்டை ஆளுக்கொரு சீட்டில் எழுதி, தன் பெயர் போடாமல் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். ஒரு சீட்டை எடுத்து, அந்தப் பாட்டை முழுசாகக் கேட்போம். பிறகு, அந்தச் சீட்டை எழுதியவர் கடவுளிடம் என்ன கேட்கிறார் என்று பேசுவோம். சினிமாப் பாட்டுக்குள் இவ்வளவு ஜெபம் இருக்கும் என்று எனக்கு இத்தனை வயசு வரை தெரியாது.

போன வாரம் நானும் ஒரு சீட்டுப் போட்டேன். என் பாட்டு இல்லை, உன்னுடையது. அப்பா இறந்த வருஷம் பின்னறையில் திரும்பத் திரும்பப் போடுவாயே, அது. "துக்க வீட்டுல காதல் பாட்டா? கர்த்தருக்கே அடுக்காது" என்று நான் பிளக்கைப் பிடுங்கிய பாட்டு. அன்றைக்கு அந்தச் சீட்டுத்தான் கையில் வந்தது.

ஹெட்போன் பெண்தான் முதலில் பேசினாள். "இது லவ்வுக்காகக் கேட்டது இல்ல ஆன்ட்டி. செத்துப்போன யாரையோ கூப்பிடுறாங்க. வீட்டுல அழ இடமில்லாம பாட்டுக்குள்ள போய் அழுதிருக்காங்க" என்றாள். பிறகு எட்டுப் பேரும் அந்தப் பெயர் தெரியாத ஆளுக்காகத் தலை குனிந்து ஜெபித்தார்கள். என் மகன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமென் மட்டும் சொன்னேன்.

அந்தப் பாட்டின் முடிவை அன்றுதான் கேட்டேன், கண்ணா. கடைசியில் வாத்தியமெல்லாம் நின்று, குரல் மட்டும் தனியாக வருகிறது. அதற்குள் எப்போதும் நிறுத்திவிடுவேன். அப்பாவுக்காக நீ அழுததை நான் பார்க்கவே இல்லை. நான் அழுததையும் உனக்குக் காட்டவில்லை. தப்பு என்னுடையதுதான்.

இப்போது பின்னறையில் சத்தமே இல்லை. குக்கர் விசில் அடித்தால், "இரு, வர்றேன்" என்று அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

கடிதம் எழுதக் கஷ்டமாக இருந்தால் எழுத வேண்டாம். தனியாக இருக்கும்போது இப்போது நீ என்ன பாட்டுக் கேட்கிறாய் என்று மட்டும் ஒரு சீட்டில் எழுதி அனுப்பு. உன் பெயர் போடாவிட்டாலும் கையெழுத்து எனக்குத் தெரியும். எந்தப் பாட்டானாலும் முழுசாகக் கேட்பேன்.

நீ இருக்கும் அறையில் கர்த்தர் உனக்குத் துணையாக உட்கார்ந்திருக்கட்டும். அவர் பிளக்கைப் பிடுங்க மாட்டார்.

அன்புடன்,
அம்மா